ரங்காச்சார்லு கூட்டிய சபை

பெங்களூரில் வாழும் நம்மவர் இந்நகரின் பெருமையைப் பேசப் புகுந்தால், பெரும்பாலும் மின்விளக்கிலிருந்தே தொடங்குவது வழக்கம். 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் இங்குள்ள தெருவிளக்குகள் மின்சாரத்தால் ஏற்றப்பட்டன என்பதையும், இந்தியாவில் மிக முந்தி அவ்வொளியைக் கண்ட நகரங்களுள் இஃது ஒன்று என்பதையும் விழா மேடைகளில் கேளாத ஆண்டில்லை. கேட்பதற்கு இனிய செய்திதான். ஆயினும் அரசாங்கத்தைப் புதுமைப்படுத்தும் முயற்சி இந்நாட்டில் மின்சாரத்தோடு பிறந்ததன்று. அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, குடிமக்கள் 144 பேரை ஓரிடத்தில் அமர்த்தி, அரசு சென்ற ஆண்டில் செய்தது யாது, வரும் ஆண்டில் செய்யவிருப்பது யாது என்று ஒரு திவான் எழுந்து நின்று கணக்குச் சொன்னாரே, அன்று அது பிறந்தது. அந்தத் திவான் செங்கற்பட்டுச் சீமையிலிருந்து வந்த தமிழர். சேஷாத்ரி ஐயரின் பெயரை அறிந்த அளவுக்கு அவர் பெயரை நம் இளைஞர் அறியார்.

அவர் சி. வி. ரங்காச்சார்லு. பெயரின் ஈற்றைக் கொண்டு அவரைத் தெலுங்கர் என்று கருதுவாரும் உளர். அக்காலத்துச் சென்னைக் கச்சேரிகளில் தமிழ் வைணவர் பலர் தம் பெயரை அவ்வாறே எழுதினர். 1831-ஆம் ஆண்டு பிறந்தவர். சென்னையில் கல்வி கற்று, ஆங்கில அரசின் பணியில் படிப்படியாக உயர்ந்து, டெப்டி கலெக்டர் ஆனவர். அவர் பிறந்த அதே 1831-இல்தான் மைசூர் மன்னரிடமிருந்து ஆட்சிப் பொறுப்பை ஆங்கிலேயர் தம் கையில் எடுத்துக்கொண்டனர் என்பது ஒரு வியப்பான ஒற்றுமை. பின்னர் ஐம்பது ஆண்டுகள் மைசூர்ச் சமஸ்தானம் கமிஷனர்களால் ஆளப்பட்டது. கச்சேரிகள் ஒழுங்குபட்டன, சாலைகள் நீண்டன, 1864-இல் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டுப்பகுதிக்கு இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. நம் முன்னோரில் எத்தனையோ குடும்பங்கள் அந்தப் பாதை வழியே வந்தவைதாம்.

1868-இல் மும்முடி கிருஷ்ணராஜ உடையார் காலமானபோது, அரண்மனையின் கடன்களையும் உடைமைகளையும் கணக்கெடுத்து ஒழுங்கு செய்ய ஒருவர் தேவைப்பட்டார். அதற்கென்றே ரங்காச்சார்லு மைசூருக்கு அழைக்கப்பட்டார். பொன்னும் மணியும் யானையும் குதிரையும் பழங்கடன் பத்திரங்களும் கலந்து கிடந்த ஓர் அரண்மனையில் ஒவ்வொன்றையும் எழுதி எண்ணி வைப்பது எளிய வேலையன்று. ஓர் அரசு எங்கே கசிகிறது என்பதை அவர் கண்ணாரக் கண்டு கற்ற பள்ளி அதுவே என்று நான் கருதுகிறேன்.

அடுத்து வந்தது 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம். 1871-இன் குடிக்கணக்கில் 50 லட்சத்துக்கு மேலாயிருந்த மக்கள் தொகை, 1881-இன் கணக்கில் 42 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த இரண்டு எண்களுக்கு இடையே எத்தனை ஊர்கள் அழிந்தன என்பதை வாசகர் தாமே எண்ணிக்கொள்ளலாம். பஞ்ச நிவாரணத்துக்காக இந்திய அரசிடம் வாங்கிய 80 லட்சம் ரூபாய்க் கடனும் சமஸ்தானத்தின் தலைமேல் ஏறியது. ஐம்பது ஆண்டுக்கால ஒழுங்கான கச்சேரி ஆட்சியும், தந்தியும், இரயிலும் இருந்தும் இந்த அழிவு நேர்ந்தது. மழை பொய்த்ததற்கு எந்த அரசும் பொறுப்பாகாது. ஊர்களின் நிலை மேலிடத்துக்கு எட்டுவதற்கு எந்த வாயிலும் இல்லாதிருந்ததற்கு அரசே பொறுப்பு.

இந்த நிலையில்தான் 1881 மார்ச்சு 25-ஆம் நாள் பத்தாம் சாமராஜேந்திர உடையாரிடம் ஆட்சி திரும்ப ஒப்படைக்கப்பட்டது. ரங்காச்சார்லு திவானானார். கருவூலம் வறண்டிருந்தது, கடன் கழுத்தை நெரித்தது. செலவைக் குறைப்பதே அவருக்கு முதல் வேலை. ஆனால் பதவியேற்ற ஐந்து மாதத்துக்குள், ஆகஸ்டு 25-ஆம் நாளில், அவர் வெளியிட்ட அரசாணை ஒன்று இந்திய சமஸ்தானங்களில் எங்கும் அதுவரை இல்லாததொன்றைத் தோற்றுவித்தது. அதுவே பிரஜாப் பிரதிநிதி சபை. ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் நிலக்கிழாரும் வணிகரும் தசராக் காலத்தில் மைசூருக்கு வரவேண்டும். அரசு தன் செயல்களை அவர்கள் முன் விளக்கும். அவர்கள் தம் பகுதியின் குறைகளையும் விருப்பங்களையும் நேரில் உரைக்கலாம். 1881 அக்டோபர் 7-ஆம் நாள் முதற் கூட்டம் நடந்தது. வந்தவர்தாம் அந்த 144 பேர்.

தசராக் காலத்தைத் தேர்ந்ததில் ஒரு நுட்பம் உண்டு. குடிகள் மன்னரைக் காண வருவதும், காணிக்கை வைத்து வணங்கிச் செல்வதும் பழைய வழக்கம். அவ்வழக்கத்தைக் குலைக்காமல், வணங்க வந்தவரையே உட்காரவைத்துப் பேசச் சொன்னார் திவான். புதுமை பழமையின் உடுப்பிலேயே வந்தமையால் மிரட்சி தோன்றவில்லை. பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையே இருப்புப்பாதை முழுமை பெற்றது அடுத்த ஆண்டான 1882-இலேதான். ஆகவே முதல் ஆண்டில் தொலை மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் வண்டிப்பாதையையே நம்பியிருந்தனர். அவர்கள் கொண்டு வந்தவை எவை? உடைந்த ஏரிக்கரை, இல்லாத பள்ளிக்கூடம், காட்டில் விறகு எடுக்கவொட்டாத விதி, தாங்கொணாத வரி: கிராமத்தில் வாழ்ந்தவர் எவருக்கும் தெரிந்த துயரங்கள்.

குறையும் சொல்லத்தான் வேண்டும். அச்சபைக்குச் சட்டம் இயற்றும் அதிகாரமில்லை; வரவு செலவைத் தடுக்கும் அதிகாரமுமில்லை. முதலில் வந்தவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் அல்லர். அதிகாரிகளின் பார்வையில் தகுதியுடையவராகத் தோன்றியவரே வந்தனர். தேர்தல் முறை 1891-இல் வந்தபோதும், சொத்தும் படிப்பும் உடையவர்க்கே வாக்கு. உழுதவன் வரவில்லை, பெண் வரவில்லை, தீண்டாமைக்கு ஆளானவன் வரவில்லை. பெங்களூர்த் தண்டுப்பகுதியோ 1881 முதலே ஆங்கில ரெசிடெண்டின் ஆட்சியில் தனித்து வைக்கப்பட்டுவிட்டது. அல்சூரிலும் அதைச் சூழ்ந்த தெருக்களிலும் அடர்ந்து வாழ்ந்த தமிழர், ஒரு தமிழர் கூட்டிய சபையின் எல்லைக்கு வெளியே நின்றனர். 1947-இல்தான் அப்பகுதி மைசூருடன் மீண்டும் இணைந்தது.

இத்தனை குறையும் இருக்க, அச்சபையை ஏன் பெரிதென்கிறேன்? ஆளுவோர் ஆண்டுக்கொருமுறை எழுந்து நின்று கணக்குச் சொல்ல வேண்டும் என்ற கடமையை அது நிறுவியது. கேட்பவர் கையில் அதிகாரம் இல்லாதபோதும் சொல்லுபவர் நெஞ்சில் ஓர் அச்சம் இருக்கும். ரங்காச்சார்லு இரண்டு கூட்டங்களை மட்டுமே கண்டார். 1883 சனவரியில் சென்னையில் காலமானார். மைசூர் நகரமன்றக் கட்டடம் அவர் பெயரால் அமைந்தது.

அவருக்குப்பின் திவானாகிப் பதினெட்டு ஆண்டுகள், 1901 வரை, ஆண்டவர் சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுத் தமிழர். கள்ளிக்கோட்டையில் ரங்காச்சார்லுவின் கண்ணில் பட்டு, அவராலேயே 1868-இல் மைசூருக்குக் கொண்டுவரப்பட்டவர். இருவர் இயல்பும் வேறு. முன்னவர் செவியைத் திறந்தார். பின்னவர் கையை நீட்டினார். சபையை அவர் கைவிடவில்லை என்பது உண்மை; எனினும் அவர் உள்ளம் நீரிலும் மின்னிலும் இருப்புப்பாதையிலும் தோய்ந்திருந்தது. அர்க்காவதி ஆற்றிலிருந்து எசருகட்டா வழியாக நகருக்குக் குழாய்நீர் கொணர்ந்தது அவர் காலத்தில். பசவனகுடியும் மல்லேசுவரமும் வரைபடத்தில் எழுந்ததும் அவர் காலத்தில். 1898-இல் பிளேக் நோய் நகரில் புகுந்து மக்களைக் குவியல் குவியலாக வாரிக்கொண்டு போனபோது, நெருக்கமான பேட்டைகளை விட்டு வெளியேறியவர்க்கு அப்பகுதிகள் புகலிடமாயின.

எல்லாவற்றிலும் பெரிது சிவசமுத்திரம். காவிரி அருவியாய் விழும் அவ்விடத்தில் மின்னாக்கி, 92 மைல் தொலைவிலுள்ள கோலார்த் தங்கவயலுக்குக் கம்பி வழியே கொண்டுசெல்வது என்று முடிவு செய்தபோது, அவ்வளவு நெடுந்தொலைவுக்கு மின்சாரத்தைக் கடத்திய இடங்கள் உலகிலேயே மிகச் சில. பொறிகள் அமெரிக்காவிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் வந்தன. 1902 சூன் 30-ஆம் நாள் மின்சாரம் தங்கவயலை அடைந்தது. அதைக் காண ஐயர் இல்லை; முந்திய ஆண்டு செப்டம்பரிலேயே மறைந்துவிட்டார்.

தங்கவயலின் ஆழ்சுரங்கங்களில் உழைத்தவருள் பெரும்பகுதியினர் வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழரே. ஆகவே நம்மவர் ஒருவர் திட்டமிட்ட மின்சாரம், நம்மவர் உழைத்த சுரங்கத்துக்குப் போயிற்று என்று பெருமை கொள்ளலாம். ஆனால் வரலாற்றைப் படிப்பவன் இன்னொன்றையும் காண வேண்டும். அந்த மின்சாரம் முதலில் ஆங்கிலக் கம்பெனியின் பொறிகளை ஓட்டியது. மூன்றாண்டு கழித்தே பெங்களூர்த் தெருவுக்கு வந்தது. கிராமத்துக்குப் போக இன்னும் பல்லாண்டுகள் ஆயின. பொறி எங்கே முதலில் போக வேண்டும் என்பதைப் பொறி தீர்மானிப்பதில்லை. யாருடைய குரல் அரசின் காதுக்கு அண்மையில் இருக்கிறதோ, அங்கே போகிறது.

இங்கே நம் உள்ளத்துக்குக் கசப்பான ஒரு செய்தியையும் மறைக்காமல் எழுத வேண்டும். ரங்காச்சார்லு காலத்திலும், அதனினும் மிகுதியாகச் சேஷாத்ரி ஐயர் காலத்திலும், மைசூர் அரசின் உயர்பதவிகள் பலவற்றில் சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்களே அமர்ந்தனர். ஆங்கிலக் கல்வி அங்கே முன்பே பரவியிருந்தது ஒரு காரணம். உற்றார் உறவினரைக் கைதூக்கிவிட்டது மற்றொரு காரணம். இம்மண்ணில் பிறந்து இங்கேயே படித்தவர்கள், தம் வீட்டில் தமக்கே இடமில்லையா என்று கேட்டனர். மைசூர் மைசூரார்க்கே என்ற முழக்கம் அவ்வாறு எழுந்தது. நமக்கு எதிரான முழக்கம் என்று அதை ஒதுக்குவது நேர்மையாகாது. சென்னையில் நம் மக்களே சில பத்தாண்டுகள் கழித்து, பதவிகள் ஒரு சாராரிடம் குவிந்ததை எதிர்த்து இதே கேள்வியைக் கேட்டனர். இங்கும் கேள்வி அந்த இடத்திற்கு வளர்ந்தது. உள்ளூர்ப் பிராமணர் வெளியூர்ப் பிராமணரைக் கேட்டதைப் பிற வகுப்பினர் இருவரையும் பார்த்துக் கேட்டனர். 1918-இல் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. ஏழாண்டுகளுக்குள் உயர்பதவிகளில் பாதியும் கீழ்ப்பதவிகளில் மூன்றில் இரண்டு பங்கும் பிற்பட்ட வகுப்பினர்க்குப் போகவேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. ஆட்சியைப் புதுமைப்படுத்தல் என்றால் இதுவும் அதில் அடங்கும். மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவன் யார் என்பது மேசையின்மேல் இருக்கும் பொறியைவிடக் குறைந்த செய்தியன்று.

சர் எம். விசுவேசுவரய்யாவைப் பற்றி நம் மலர்களில் பலமுறை எழுதப்பட்டிருப்பதால் விரிக்கவில்லை. 1911-இல் தொடங்கிய பொருளாதார மாநாட்டை மட்டும் குறிக்கிறேன். கல்வி, உழவு, தொழில் ஆகிய துறைகளில் அதிகாரிகளையும் அதிகாரிகள் அல்லாதாரையும் ஒருங்கே அமர்த்தி யோசனை கேட்ட அமைப்பு அது. குறை சொல்ல ஒரு சபையும் வழி சொல்ல ஒரு மாநாடுமாக மைசூருக்கு இரண்டும் வாய்த்தன. 1923-இல் பிரதிநிதி சபைக்குச் சட்டத்தின் அடிப்படை கிடைத்தது. விடுதலைக்குப் பின் 1949-இல் அது கலைந்தது.

சபை கலைந்தது, ஆனால் கிராமத்துச் சானுபாகர் கலையவில்லை. நம் ஊர்க் கர்ணத்துக்கு இங்கே சானுபாகர் என்று பெயர். பரம்பரையாக வந்த அவ்வேலை 1961-இன் சட்டத்தால் 1963-இல் ஒழிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் கர்ணம் பதவி 1980-இல் ஒழிந்தது. ஆள் மாறினார், ஆனால் நிலக்கணக்கு இன்னும் ஒரு தனி மனிதரின் கைப்பெட்டியிலேயே இருந்தது. கருநாடகத்தில் ஏறத்தாழ 9,000 கிராமக் கணக்கர். ஒவ்வொருவரிடமும் மூன்று நான்கு ஊர்களின் ஏடுகள். தன் நிலத்தின் பஹணிப் பத்திரம் வேண்டும் உழவன் அவரைத் தேடிப் போக வேண்டும். அவர் இருக்கமாட்டார். இருந்தால் மை இருக்காது. தந்தை இறந்தபின் மகன் பெயருக்கு மாற்றம் செய்வதென்றாலோ கேட்கவே வேண்டாம். கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் கேட்டால் பத்திரம் கொண்டுவா என்பர்; பத்திரம் கேட்டால் இவர் கையை நீட்டுவார். அதற்குள் விதைக்கும் பருவம் போய்விடும்.

இந்நிலையை மாற்ற எழுந்ததே ‘பூமி’ என்னும் திட்டம். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வருவாய்த்துறையில் இராஜீவ் சாவ்லா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியின் முன்னின்ற முயற்சியால், 67 லட்சம் உழவர்க்குரிய இரண்டு கோடி நிலப்பதிவுகள் கணிப்பொறியில் ஏற்றப்பட்டன. வட்டக் கச்சேரி ஒவ்வொன்றிலும் ஒரு சாளரம் திறந்து, 15 ரூபாய் கட்டினால் அச்சிட்ட பஹணி கையில் கிடைக்கச் செய்தனர். கையால் எழுதிய பத்திரம் செல்லாது என்றும் அறிவித்துவிட்டனர். 2002-க்குள் 177 வட்டங்களிலும் இது நடைமுறைக்கு வந்தது. இதற்கிடையே, 2001-இல், தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. மைசூரின் முதல் மின்சாரத்தைப் பெற்ற இடம் இருளடைந்ததும், வட்டக் கச்சேரிகளில் கணிப்பொறி ஒளிர்ந்ததும் ஒரே காலம். அங்கிருந்து நாளும் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வரும் தமிழ்க் குடும்பத்தாருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பூமித் திட்டத்தில் என் மனத்தைக் கவர்ந்தவை இரண்டு. பெயர்மாற்ற விண்ணப்பங்களை வந்த வரிசைப்படியே எடுக்குமாறு பொறி கட்டுப்படுத்தியது. முன்னே வந்தவனைத் தள்ளிவிட்டுப் பின்னே வந்தவனைக் கவனிக்கக் கணக்கர்க்கு வழியில்லை. யார் எதை மாற்றினார் என்பதைப் பிற்காலத்தில் மறுக்கவொட்டாமல் அதிகாரி தம் விரல் ரேகையைப் பதித்தே உள்ளே நுழைய வேண்டும். இஃது ஒன்று. மற்றொன்று பார்வைக்கு அற்பம்: சாளரத்தில் இரண்டு திரைகளை வைத்தனர். ஒன்று எழுத்தர் பக்கம். மற்றொன்று உழவன் பக்கம். எழுத்தர் காண்பதையே உழவனும் காண்பான். அதுவும் கன்னட எழுத்தில். 1881-இல் திவான் எழுந்து நின்று கணக்குச் சொன்னதற்கும், 2001-இல் திரை உழவன் பக்கம் திரும்பியதற்கும் உள்ள உறவை நான் விரித்துரைக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் நம் வீட்டாருக்குச் சொல்லிவைக்கிறேன்: திரை திரும்பினாலும் கன்னடம் படிக்கத் தெரியாதவனுக்கு அது சுவரே. மூன்று தலைமுறையாக இங்கே வாழ்ந்தும், வரிச்சீட்டைப் படிக்க அண்டை வீட்டுப் பிள்ளையை அழைக்கும் பெரியோர் நம் குடியிருப்பிலேயே உண்டு. தமிழை வளர்க்கும் சங்கம் மாலை வகுப்பில் கன்னடமும் கற்பிப்பதால் தமிழ் தேய்ந்துவிடாது.

பூமியையும் குறை கூறியவர் உண்டு. ஏட்டில் முன்பே இருந்த பிழையைப் பொறி திருத்துவதில்லை, அழகாக அச்சிடுகிறது. நகரை அடுத்த சிற்றூர்களில் நிலம் வாங்க வந்த பெரும்பணக்காரருக்கு ஒரே இடத்தில் எல்லாக் கணக்கும் கிடைத்தது வசதியாய்ப் போயிற்று என்று சில ஆய்வாளர் எழுதினர். தள்ளிவிடத்தக்க கருத்தன்று. கிராமத்துக் கணக்கர் பணம் கேட்டவர்தாம். ஆனால் எந்த வயலை யார் உழுகிறார் என்பது அவருக்குத் தெரியும். வட்டக் கச்சேரிப் பொறிக்குத் தெரியாது.

நகரத்தில் வேறொரு வழி பிறந்தது. 1994-இல் சாமுவேல் பால் என்னும் அறிஞர் தொடங்கிய பொதுநல ஆய்வு மையம், பெங்களூர்க் குடும்பங்களைக் கேட்டு, குடிநீர் வாரியம் எப்படி, மின் வாரியம் எப்படி, தொலைபேசி எப்படி என்று அரசுத்துறைகளுக்கு மதிப்பெண் அட்டை வெளியிட்டது. மாணவர்க்கு ஆசிரியர் தரும் அட்டையைப் போல, ஆள்வோர்க்கு மக்கள் தந்த அட்டை! 1999-இலும் 2003-இலும் அது மீண்டும் வந்தது. 2000-இல், வீட்டுவரியை உடைமையாளர் தாமே கணக்கிட்டுக் கட்டும் முறையை மாநகராட்சி கொண்டுவந்தது. 2012 ஏப்ரலில் ‘சகாலா’ நடைமுறைக்கு வந்தது: குறித்த நாளுக்குள் சான்றிதழ் தராவிட்டால், தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 20 ரூபாய், உச்ச அளவு 500 ரூபாய் என்று விண்ணப்பதாரர்க்கு ஈடு தரவேண்டும். தொகை சிறிதே, ஆனால் காத்திருக்கும் குடிமகனின் நாளுக்கும் ஒரு விலை உண்டென்று அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது.

இவ்வளவு அறிந்த நகரம் மற்றொன்றை எளிதில் இழந்தது. 2006-இன் இறுதியில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தபின், 2010 வரை தேர்தல் இல்லை. 2015-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. பின்னர் ஐந்து ஆண்டுகள் கழிந்தும் 198 வட்டாரங்களுக்கும் உறுப்பினர் இல்லை. அவ்வாண்டுகளில் குப்பையைப் பற்றியும் குழியைப் பற்றியும் கைபேசியிலேயே முறையிட வசதி இருந்தது. முறையீட்டுக்கு எண்ணும் உடனே வந்தது. எண்ணுக்குப் பின்னால் பொறுப்பேற்க மக்கள் தேர்ந்த ஒருவர் இல்லை. 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சியைப் பிரித்து ஐந்து மாநகராட்சிகள் அமைத்தனர். பிரித்த அன்று ஐந்திலும் ஆணையர்கள் இருந்தனர், அலுவலகங்கள் இருந்தன, பெயர்ப்பலகைகள் இருந்தன. மன்றங்களின் நாற்காலிகள் காலியாயிருந்தன.